ஐந்தேகால் அடி

ஆம்பூர்
11-3-1982

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அம்மாவுக்கு மூச்சிரைப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. நீங்கள் ஜித்தாவிலிருந்து அனுப்பிய போர்வையை விருந்தாளிக்கென்று எடுத்து வைத்துவிட்டு, பழையதைத்தான் போர்த்துகிறார்.

ஹலீமா பீயை நினைவிருக்கும். ஹாஜியாரின் தோல் ஷாப்பில் ஓரம் வெட்டுகிறவர். போன வாரம் அவர் பையில் தோல் துண்டுகள் இருந்ததென்று ஹாஜியார் பள்ளிவாசல் ஜமாஅத்தில் நிறுத்தினார். "ஷரீஅத் நாடா இருந்தா கையை வெட்டியிருப்பாங்க, நான் வேலையைத்தானே எடுத்தேன்" என்றாராம். அவருடைய இரக்கத்தை எல்லோரும் பாராட்டினார்களாம்.

அவை வெறும் ஓரத்துண்டுகள், அண்ணா. வியாழக்கிழமை சாயங்காலம் பெண்கள் அவற்றை எடுத்துப்போவது ஹாஜியாரின் தகப்பனார் காலத்து வழக்கம்.

உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். தோலின் உட்புறத்தில் சதுர அடியை நீலப் பென்சிலால் எழுதுவது என் வேலை. பி.ஏ. படித்தவள், எழுத்து அழகு என்று கொடுத்தது. நாலேமுக்கால் இருந்தால் ஐந்தேகால் எழுதச் சொல்வார் ஹாஜியார். எழுதினேன். ஹலீமா பீ ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "இன்னாம்மா தில்ஷாத், இதுவா அஞ்சேகாலு? படிச்ச பொண்ணுக்கு அளவு தெரியலியே!" என்று சிரித்தார். சரக்கு எடுக்க வந்து பக்கத்தில் நின்ற மதராஸ் கம்பெனிக்காரர் மறுபடி அளந்தார். சரக்கு முழுவதும் திரும்பிவிட்டது. அடுத்த வியாழன் ஹலீமா பீயின் பையை மட்டும் சோதித்தார்கள்.

கழித்துப் போட்டதை எடுப்பது திருட்டாகாது, அளவில் ஏமாற்றுவது பெரும் பாவம் என்று மதரஸாவில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நம் ஹஜ்ரத்தான். ஜமாஅத்தில் அவர் வாய் திறக்கவில்லை. பள்ளிவாசலின் புது மினாரா ஹாஜியார் கட்டித் தருவது.

நாளை ஜும்ஆவுக்குப் பின் தீர்ப்பு. திருடி என்று முடிவானால் ஹலீமா பீ மகளின் நிக்காஹுக்கு ஜமாஅத் கடிதம் தராது. மாப்பிள்ளை வீட்டார் இப்போதே விசாரிக்கிறார்கள். இன்று காலையிலும் நான் ஐந்தேகால்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது, உங்களுக்குத் தெரியும். அதனால் எல்லாவற்றையும் தனியாக ஒரு தாளில் எழுதிவிட்டேன். நாளை தொழுகைக்கு முன் ஹஜ்ரத்திடம் சேர்த்துவிடுவேன். கையெழுத்து யாருடையது என்று ஹாஜியார் கேட்கவே வேண்டாம்.

நீங்கள் வேலை பார்க்கும் கடை அவர் மைத்துனருடையது என்பதை மறக்கவில்லை. உங்களைக் கேட்டுச் செய்ய நாளில்லை. இந்தக் கடிதத்துக்கு முன் அங்கே ஹாஜியாரின் தந்தி வந்திருக்கும்.

மக்கா போகும்போது அம்மாவின் மூச்சுக்காக துஆ கேளுங்கள். ஹலீமா பீயின் மகளுக்காகக் கேளுங்கள். மனமிருந்தால் என் வலது கைக்காகவும்.

உங்கள் தங்கை,
தில்ஷாத்