மார்கழிப் பனி என்று நினைத்துப் போட்ட கையெழுத்து

போடிநாயக்கனூர்
24.2.2025

அன்பு மகள் ஜாய்ஸுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே என் முழங்கால் ஒன்றைத் தவிர எல்லோரும் சுகம், அங்கே மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை ஜெபராஜும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். முதலில் பிள்ளைகள் சேதி. உன் தம்பி ஜஸ்டினுடைய மூத்தவன் கணக்கில் தொண்ணூற்றெட்டு, அந்த இரண்டு மார்க் எங்கே போனது என்று வாத்தியாருக்கே தெரியவில்லையாம். சின்னவள் சண்டே ஸ்கூலில் நூற்றுப் பத்தொன்பதாம் சங்கீதம் நாற்பது வசனம் தடுமாறாமல் சொல்லி டிபன் பாக்ஸ் வாங்கிவந்தாள், மூடி சரியாகப் பொருந்தவில்லை, இருந்தாலும் பரிசு பரிசுதானே. இவர்களுக்கெல்லாம் மேலே உன் மகள் மகிமா. இந்தப் போடி பஜாரில் பனிச்சிறுத்தையைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவள்தான். பெயரைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே, கடைசி வரை படி, உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவள் என்னை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினாள் என்று நீ இரண்டு மாதமாக அவளோடு பேசாமல் இருக்கிறாயே, அவள் ஏமாற்றவில்லை. டிசம்பரில் மதுரைக் காலேஜிலிருந்து வந்து, அம்மாச்சி, பனிச்சிறுத்தை பாக்க பத்து நாள் கேம்ப் போறேன், இதுல ஒரு கையெழுத்துப் போடு என்று நேராகத்தான் கேட்டாள். எனக்குப் பனி என்றால் மார்கழிப் பனிதானே. போடிமெட்டில் நம் ஏலத்தோட்டத்துக்கு மேலே அதிகாலையில் பனி மூடிக் கிடக்கும்போது சிறுத்தை இறங்கும் என்று ஜீப்காரர்கள் சொல்வார்களே, அதைத்தான் பார்க்கப் போகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். காரம் கூட்டிய எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில், ஒரு மங்கி குல்லா, காதில் வைக்கப் பஞ்சு, எல்லாம் கட்டிக்கொடுத்து, பனியில ரொம்ப நேரம் நிக்காத, வெயில் வந்ததும் உள்ள போயிரு என்று புத்தியும் சொல்லி அனுப்பினேன். கோட்டும் பூட்ஸும் அங்கே போனபிறகுதான் கொடுப்பார்களாம், அதனால் அவள் கையில் சின்னப் பைதான், எனக்குச் சந்தேகமே வரவில்லை. மூன்றாம் நாள் போன் வருகிறது, டில்லியில எறங்கிட்டேன் அம்மாச்சி, நாளைக்கு லடாக்ல இருக்க லே ஊருக்குப் போற பிளேன் என்கிறாள். போடிமெட்டுக்குப் போறதுக்கு எதுக்கு ஆத்தா டில்லி என்று கேட்டேன். அந்தப் பக்கம் சிரிக்கிறாள் சிரிக்கிறாள், நிறுத்தவே இல்லை. நீ போனில் கத்தினபோது என் தப்பு என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவளும் சொல்லவில்லை. விடு அம்மாச்சி, எங்கம்மா என்னையவே வையட்டும், உன்னைய வஞ்சா உனக்கு பிரஷர் ஏறும் என்றுவிட்டாள். அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் நீ பெற்றிருக்கிறாய்.

அங்கே நடந்ததைக் கேள். மைனஸ் இருபத்திரண்டாம், தண்ணீர் பாட்டில் கல்லாகிவிட்டதாம், என் ஊறுகாயைச் சமையல்காரர் சுத்தியலால் உடைத்துத்தான் பரிமாறினாராம், அதற்கே சண்டையாம். மூன்று நாள் எதிர் மலையைப் பார்த்து உட்கார்ந்ததில் காட்டு ஆடுதான் தெரிந்திருக்கிறது. நாலாம் நாள் அந்த ஊர்க்காரர் ஒருவர் பெரிய குழாய்க் கண்ணாடியைத் திருப்பி வைத்து, இங்கே பார் என்றிருக்கிறார். இவளுக்கு வெறும் பாறைதான் தெரிந்ததாம். பார்த்துக்கொண்டே இருக்கும்போது பாறைக்கு வால் முளைத்ததாம் ஜாய்ஸ். உடம்பு நீளத்துக்கு வால், நம் வீட்டு உருட்டுத் தலையணை மாதிரி. அதை எடுத்து மூக்கையும் முகத்தையும் மூடிக்கொண்டு அது மறுபடி தூங்கிவிட்டதாம். எனக்கு அழுகையும் சிரிப்புமா வந்துருச்சு, கண்ணீரு கன்னத்துலயே உறைஞ்சுபோச்சு அம்மாச்சி என்றாள். அந்தப் படத்தை ஜஸ்டின் போனில் வாங்கிக்கொண்டு போய் ஏலக்காய் குடோனில் எல்லோருக்கும் காட்டினேன். காய் பொறுக்குகிற மாயக்காள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, இம்புட்டுத் தூரம் போயி உன் பேத்தி பூனையவா பாத்துட்டு வந்திருக்கா என்றாள். பூனையா, உன் வீட்டுப் பூனை ஆடு அடிக்குமா, பாறையா மாறுமா என்று பிடித்துக்கொண்டேன். குடோனே சிரித்தது. இப்போது மாயக்காளே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள், வாலைப் போத்திக்கிட்டுத் தூங்குமாம்டி என்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அங்கன கேம்ப் நடத்துறவுக இவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாறை இடுக்கில் கேமரா வைத்து எத்தனை பனிச்சிறுத்தை இருக்கிறது என்று எண்ணுகிற வேலை, படிப்பு முடிந்தபின் வரும் நவம்பரிலிருந்து இரண்டு குளிர்காலம். ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா சொல்லாம போக மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். லீவுக்கு இங்கே வந்தாலும் ராத்திரி சாப்பாடு பாதி இலையில் கிடக்கிறது. பொம்பளைப் பிள்ளை, ஆள் இல்லாத மலை, நீ பயப்படுவது எனக்குத் தெரியும். நீ இருபத்திரண்டு வயதில் மஸ்கட்டுக்குப் பெட்டி கட்டினபோது நானும் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லையே. வேன் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் வழியாக முறுக்கு டப்பாவை உன் மடியில் வைத்தேன், அவ்வளவுதான், நீ புரிந்துகொண்டாய். சரி, போ என்று நம் வீட்டில் யார் வாயால் சொல்லியிருக்கிறோம். அதனால் நீயும் வாயால் சொல்ல வேண்டாம், உன் ரோஷம் உன்னோடு இருக்கட்டும்.

அந்தக் குளிரில் போன் சார்ஜ் நிற்காதாம், வீட்டு ஆட்களைப் பார்க்க வேண்டும் என்றால் காகிதப் படம்தான் என்றாள். உன் படம் அவளிடம் ஒன்றுதான் இருக்கிறது, அது உன் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது, அதில் நீ அவளை முறைக்கிற மாதிரியே இருக்கிறாய். கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் ஒரு குறையில்லாமல் காப்பாராக. வேளைக்கு மாத்திரை போடு, ஏசியில் தலை நனைந்தபடி படுக்காதே. புதிதாக ஒரு போட்டோ எடு, சிரித்த முகமாக, அந்த நீலச் சேலையில், சட்டைப்பைக்குள் அடங்குகிற அளவில். கவர் மேல் என் பெயர் எழுதாதே, மகிமா பெயரை எழுது. இந்த வாரமே தபாலில் போட்டுவிடு.

உன் அம்மா
கஸ்தூரியம்மாள்