உனக்குப் போட்டிருந்த நாற்காலி

துண்டு இன்னும் மணக்கிறது. சோப்புப் போட்டுத் துவைத்து, அடுக்குமாடிக் கொடியில் நல்ல வெயிலில் காயப்போட்டு எடுத்தாயிற்று. மூக்கருகே கொண்டுபோனால் ஜாதிக்காய்த் தைலம் அப்படியே முகத்தில் அடிக்கிறது. என் வீட்டில் அந்தத் தைலம் கிடையாது, உனக்கே தெரியும். அந்த வாடை பட்டாலே எனக்குத் தலைவலி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் பாய் கடையில் நீ வாங்கிய கடைசிப் புட்டியை, போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் உன் பெட்டிக்குள் உன் கைப்பக்கத்தில் வைத்தவள் நான்தான். மூடியை இறுக்கித் திருகிவிட்டுத்தான் வைத்தேன். அப்புறம் உன் பெட்டியையும் மூடிவிட்டார்கள்.

ஆகவே நீதான் சொல்ல வேண்டும், இது என்னடி வேலை?

பாயான் லெப்பாஸ் பேக்டரியில் நாம் இருவரும் ஒரே லைன். எனக்கு வாய் நீளம், அதனால் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். உனக்குப் பொறுமை நீளம், அதனால் ஒன்றும் ஆக்கவில்லை. வேலை முடிந்து பஸ்ஸில் ஏறியதும் நீ செருப்பைக் கழற்றிவிட்டு வலது கணுக்காலில் தைலம் தேய்ப்பாய். என்றோ படியில் புரண்ட கால், கடைசிவரை சரியாகவில்லை. அந்தக் காலில் இரண்டாவது விரல் பெருவிரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். "ஐயோ, ஜன்னலத் தொறடி, மூச்சு முட்டுது" என்று நான் கத்துவேன். நீ சிரித்துக்கொண்டே மிச்சத் தைலத்தை என் கையில் தடவிவிடுவாய்.

ஜார்ஜ் டவுனில் நம் பழைய சபையில் உன்னை மாதர் சங்கத் தலைவி ஆக்கினபோது எல்லாரும் மாலை வாங்கி வைத்திருந்தார்கள். நீயோ முந்தின நாள் மழையில் ஒழுகிய மூலையைத் துடைத்துக்கொண்டிருந்தாய். "தலைவி துடைச்சா மத்தவங்களுக்கு வெக்கமா இருக்காதா?" என்று கேட்டேன். "இருக்கட்டும்லா, நல்லதுதானே. ஆண்டவரே துண்டக் கட்டிக்கிட்டுக் குனிஞ்சாரு, நம்ம யாரு?" என்றாய். கூட்டத்துக்குக் கூட்டம் வேதத்தில் அதே இடத்தைத்தான் திறப்பாய். பந்தியிலிருந்து எழுந்து, சீடர்களின் கால்களை அவர் கழுவிய இடம். வேறு பக்கமே இல்லையா என்று நான் கிண்டல் செய்வேன். இதையே இன்னும் செஞ்சு முடிக்கலையே என்பாய்.

பெரிய வியாழனன்று கால் கழுவும் வழக்கத்தை அமைத்ததும் நீதான். பெண்கள் வரிசையாக உட்கார வேண்டும். கூடத்து விளக்கை அணைத்துவிட வேண்டும். தண்ணீர்ப் பேசினுக்குப் பக்கத்தில் தரையில் ஒரே ஒரு விளக்கு, அதன் வெளிச்சம் முழங்காலுக்கு மேல் ஏறக் கூடாது. கழுவுகிறவள் தலைநிமிரக் கூடாது, உட்கார்ந்திருப்பவள் பேசக் கூடாது. "மொகத்தப் பாத்தா ஆளப் பாத்துக் கழுவிருவோம். காட்டிக்குடுக்கப் போறவன் காலும் அங்கதான இருந்திச்சு? அதையும் சேத்துத்தானே கழுவுனாரு" என்று சொன்னாய்.

ஆனால் உன் திருட்டுத்தனம் எனக்குத் தெரியும். உனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லி எஸ்தர் அக்காவிடம் நான் வருஷா வருஷம் சொல்வேன். கூடத்து வேலை எல்லாம் அவர் கையில், அதனால் போடுவார். வரிசையின் கடைசிக்கு முந்தின நாற்காலி. நீ ஒரு தடவையாவது உட்கார்ந்தாயா? எல்லார் காலையும் கழுவிவிட்டு, "எனக்கு வேணாம்லா, நேரமாச்சு" என்று பேசினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாய்.

நோய் முற்றி நீ படுத்தபோது, பாலம் தாண்டி செபராங் ஜெயாவுக்கு உன் வீட்டுக்கு வந்தேன். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து போர்வையை விலக்கினேன். நீ சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டாய்.

"வேணாம்டி. நாளைக்குப் பாக்கலாம்."

எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த மூத்த சீடனும் இப்படித்தான் மாட்டேன் என்று காலை இழுத்தான், கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்று ஆண்டவர் சொல்லவில்லையா, நீ கழுவினால் அது சேவை, நான் கழுவினால் பாரமா என்று கேட்டேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். வெந்நீர் ஆறிப்போய் அப்படியே கொட்டினேன். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. உன்மேல் எனக்கு இருந்த கோபம் உன்னைப் புதைத்த பிறகும் தீரவில்லை, சொல்லிவிடுகிறேன்.

உன் இடத்துக்கு என்னைப் போட்டார்கள். எனக்குத் தூக்கமே போயிற்று. உயிரான சிநேகிதியே என் கையை வேண்டாம் என்று தள்ளிவிட்டாள், நான் யாருக்கு என்ன செய்து கிழிப்பேன்? பெரிய வியாழன் வழக்கத்தை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டு, உயிர்த்தெழுந்த ஞாயிறன்று போதகரிடம் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அதாவது நாளைக்கு.

நேற்று முன்தினம் சாயங்காலம் நல்ல மழை. கூடத்து விளக்கை அணைத்ததும் மழைச் சத்தம் உள்ளுக்குள்ளே கேட்பதுபோல் இருந்தது. துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்து ஒவ்வொரு காலாகக் கழுவிக்கொண்டு போனேன். வெடித்த குதிகால், மெட்டி போட்ட கால், நகப்பூச்சுப் பூசிய கால். எல்லாம் வெதுவெதுப்பாக இருந்தன. வரிசை முடியப் போகிற இடத்தில் ஒரு கால் ஜில்லென்றிருந்தது.

வலது கால். வீங்கியிருந்தது. இரண்டாவது விரல் பெருவிரல்மேல் ஏறியிருந்தது.

என் கை பட்டதும் அது நாற்காலிக்கு அடியில் உள்வாங்கிக்கொண்டது.

மழைச் சத்தம் நின்றதா, எனக்குத்தான் காது அடைத்ததா, தெரியவில்லை. தலைநிமிர்ந்தால் பார்த்திருக்கலாம். ஆனால் நிமிரக் கூடாது என்பது நீ வைத்த சட்டம், தவிர எனக்குப் பயம். பேசினில் கையை வைத்தபடி காத்திருந்தேன். "நாளைக்குன்னுதானே சொன்ன" என்று மட்டும் முணுமுணுத்தேன்.

மெல்ல மெல்ல அந்தக் கால் வெளிச்சத்துக்குள் நீண்டு வந்தது.

கழுவினேன். கணுக்காலை அமுக்கிவிட்டேன், உனக்கு வலிக்கும் அந்த இடத்தில். விரலிடுக்கெல்லாம் துடைத்தேன். கண்ணீர் பேசினுக்குள் விழுந்தது. பிறகு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தேன், கடைசிக் காலையும் கழுவினேன்.

விளக்குப் போட்டதும் எஸ்தர் அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கடைசிக்கு முந்தின நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தது என்று கேட்டேன்.

"யாருமில்லலா. பழக்க தோசம், அவங்களுக்குப் போடுற நாக்காலியப் போட்டுட்டேன். நீ அங்கயே ரொம்ப நேரம் குந்திக்கிட்டு இருந்தியா, ஜெபம் பண்றன்னு நெனச்சு நாங்க யாரும் கூப்புடல."

நாற்காலிக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது. நான் சிந்திய தண்ணீர்தான், வேறென்ன இருக்கும்? துண்டை முகத்தில் வைத்தபோதுதான் அந்த மணம் வந்தது.

அக்கா பேசினில் புதுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். "இப்ப நீ உக்காரு" என்றார். வேணாம்க்கா, நேரமாச்சு என்ற சொல் என் நாக்குவரை வந்துவிட்டது. யார் வசனம் அது? சொல்லாமல் உட்கார்ந்தேன். வேறு நாற்காலிகளை எல்லாம் மடக்கியிருந்தார்கள், உன்னுடையதுதான் மிச்சம். யாருமே உட்காராத அந்த நாற்காலி, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோலச் சூடாக இருந்தது.

அக்கா குனிந்து கையை நீட்டியதும் என் கால் தானாக உள்ளே போயிற்று. அப்போதுதான் உன் கூச்சம் எனக்குப் புரிந்தது. கொடுக்கிற கைக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, நீட்டுகிற காலுக்கு அதுவும் இல்லை. உன்மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டதடி.

போதகரிடம் நாளைக்கு ஒன்றும் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. விடியற்கால ஆராதனைக்கு முன்னால் போய் நாற்காலி இழுத்துப் போட வேண்டும். உன்னுடையதையும் போடுவேன். துண்டை மறுபடி துவைக்கப் போவதில்லை, மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டேன். தலைவலித்தால் வலிக்கட்டும்.

அன்று அக்காவிடம் காலை நீட்டினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.