லாரியில் வந்த அறை

மரியாதைக்குரிய அக்காவுக்கு, மரியாதை அவ்வளவாக வராத தம்பி எழுதிக்கொள்வது. இங்கு எல்லாரும் நலம். நீயும் நலம் என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர் வாயால் வந்தால் அது கை கால் முளைத்து வரும். எங்கள் வாசல் பாத்தியில் கேரட் விதைத்திருந்தோம். களை எடுக்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து, முளைத்த கேரட்டை எல்லாம் வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, களையைப் பத்திரமாக விட்டுவைத்தேன். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பதினொரு நாள் வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றி, போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி, எப்படி வளர்கிறது பார்த்தீர்களா என்று காட்டினேன். ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை, நல்ல மனிதர்கள். பன்னிரண்டாம் நாள் உன் தம்பி பெண்டாட்டிதான், இதை எதோடு சேர்த்துச் சமைக்கட்டும் என்று கேட்டாள்.

நாங்கள் இங்கே குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. பெட்டி வீடு என்று நீ கேலி செய்தாய். பெட்டிதான், இல்லை என்று சொல்லவில்லை. தொழிற்சாலையிலேயே சுவர், ஜன்னல், கரண்டு வயர் எல்லாம் முடித்து, ஒவ்வோர் அறையாக லாரியில் கொண்டுவருகிறார்கள். கிரேன் தூக்கி வைக்கும், போல்ட் போட்டு முடுக்குவார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குள் வீடு தயார். சுவர் மரத்தூளை அமுக்கிச் செய்தது. வெளியே என்ன வெயில் அடித்தாலும் உள்ளே காந்துவதில்லை. குடும்பம் பெருத்தால் ஓர் அறையைச் சேர்த்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் கழற்றி அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். எதையும் இடிக்க வேண்டியதில்லை, எதுவும் குப்பைக்குப் போவதில்லை. இதைக் கண்டுபிடித்தவன் வாடகை வீட்டில் ரொம்ப நாள் அவதிப்பட்டவனாகத்தான் இருக்க வேண்டும்.

நாற்பது வீட்டுக்கும் நடுவில் தோட்டம். குளித்த தண்ணீர், துணி அலசிய தண்ணீர் எல்லாம் ஜல்லியும் நாணலும் போட்ட தொட்டிக்குள் இறங்கி, தெளிந்து, பாத்திக்கு வருகிறது. நான் குளித்த தண்ணீரில் தக்காளி காய்க்கிறது என்றால் நீ நம்ப மாட்டாய். நான் குளிப்பதையே நீ நம்பியதில்லை. வீட்டுக்கு ஒரு பாத்தி. சனிக்கிழமை காலையில் அவரவர் பறித்ததை நீள மேஜையில் கொண்டுவந்து வைப்போம், வேண்டியதை எடுத்துப்போவோம். கேரட் கூத்துக்குப் பிறகு வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு கூடை. கத்தரிக்காய், வெங்காயத்தாள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு கேரட். அதை வைத்தது பக்கத்து வீட்டு பேக்கரிக்காரர்தான். இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால், மெஷினில் நூல் அறுந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மாமா காலமான பிறகு நீ அந்தத் தையல்கடையின் பின்கட்டில் இருக்கிறாய் என்று தெரியும். ஆனால் துணி வெட்டுகிற மேஜைமேல்தான் படுக்கிறாய் என்று நீ ஒருநாளும் எழுதவில்லை. உங்கள் கடைக்குப் பொத்தான் போடுகிறவர் போன மாதம் என் பஸ்ஸில் ஏறினார், அவர்தான் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு இரண்டு ஸ்டாப்பில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். ஏறியிருந்தவர்கள் என் பரம்பரையையே திட்டினார்கள். அதில் உனக்கும் பங்கு உண்டு.

அன்றைக்கே உனக்கு ஓர் அறை கேட்டு எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் எழுதிக் கொடுத்தேன். பாத்தியை ஒழுங்காக வைத்திருக்கிற வீட்டுக்குத்தான் கூடுதல் அறை என்பது இங்கே விதி. என் பாத்தியின் லட்சணம் நாற்பது வீட்டுக்கும் தெரியும். கூட்டத்தில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். விதி என்றால் எல்லாருக்கும் விதிதானே என்றார் ஒருவர். அவர் சொன்னதில் தப்பில்லை. அப்போது ஸ்பானரம்மா எழுந்தார். அறைகளை முடுக்குகிற வேலை அவருடையது. ஐம்பத்தைந்து வயது, முட்டி வலி, ஆனாலும் கூரைமேல் பூனை மாதிரி நடப்பார். போல்ட்டைத் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லுவார்.

"இவருக்குத் தோட்டவேலை வராது, விடுங்க. பாத்தியை நான் பாத்துக்கறேன். இவரைப் பாத்துக்க அவங்க அக்கா வரட்டும்" என்றார்.

சிரிப்பு அடங்கியதும் எல்லாரும் கை தூக்கினார்கள். விதியைச் சொன்னவரும்தான். நன்றி சொல்ல எழுந்தவன், ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே போனேன். நான் அப்படிச் செய்து நீ பார்த்திருக்க மாட்டாய்.

அடுத்த மாதக் கடைசிக்குள் நீ வந்து குடியேற வேண்டும். இல்லாவிட்டால் அறை அடுத்தவருக்குப் போய்விடும். கைக்குழந்தையோடு ஒரு தம்பதி காத்திருக்கிறார்கள், அதனால் நாள் கேட்டு இழுக்க எனக்கு மனசில்லை. தம்பி வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்பாய். யார் உன்னை உட்காரவிடப் போகிறார்கள்? கூரைத் தோட்டங்களுக்கு நிழல்துணி தைக்க ஆள் கிடைக்காமல் இங்கே அலைகிறார்கள். மெஷினுக்கு ஜன்னலோரம் அளவெடுத்துவிட்டேன்.

இதுவரை நேற்று எழுதியது. இன்று காலை உன் அறை வந்துவிட்டது. ஓர் அறை முழுசாக ஆகாயத்தில் தொங்குவதை நீ பார்க்க வேண்டுமே அக்கா. ஆடி அசையாமல் இருக்க நாலு மூலையிலும் கயிறு கட்டி, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தார்கள். கதவு இருக்கிற மூலையின் கயிறு என் கையில். காற்றில் ஜன்னல் பளபளவென்றது. உள்ளே இனிமேல் விளக்கு எரியும், மெஷின் சத்தம் கேட்கும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

சின்ன வயதில் நீ சொன்னதை எல்லாம் நான் கேட்டேன். கேட்கவில்லை, கேட்டதாக வைத்துக்கொள். இந்த ஒரு தடவை நான் சொல்வதை நீ கேள். மேஜையை மேஜையாக விட்டுவிட்டுக் கிளம்பி வா. நீ நூறு வயது இருக்க வேண்டும், அதுவும் என் கண்ணில் படுகிற தூரத்தில்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: ஸ்பானரம்மா கூரைமேலிருந்து பதினாறு போல்ட்டையும் முடுக்கிவிட்டு இறங்கிவந்து, கதவு எங்கே என்று கேட்டார். நான் கயிற்றை இழுக்காமல் அண்ணாந்து நின்றதில் அறை திரும்பி, கதவு பேக்கரிக்காரர் வீட்டுப் பக்கம் போய்விட்டிருந்தது. பேக்கரிக்காரர் வீட்டிலும் பிற்காலத்துக்கு என்று சமையலறைப் பக்கம் ஒரு வாசல் விட்டிருந்தார்கள். இரண்டும் கச்சிதமாகப் பொருந்திவிட்டன. கிரேன் மறுபடி வர ஆறு வாரம் ஆகுமாம். அதுவரை நீ அவர் சமையலறை வழியாகத்தான் போய்வர வேண்டும். அவர் சரி என்றுவிட்டார். மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது மட்டும் வேகமாகக் கடந்துபோகச் சொன்னார்.