செந்திலின் மாமா கடை

செவ்வாய், இரவு.

காலையில்தான் பீரியட்ஸ் வந்தது. பாத்ரூமில் நின்று நிம்மதியில் அழுதேன். செந்திலை நினைத்ததும் அழுகை நின்றுவிட்டது.

போன மாதம் நாங்கள் ஒன்றாக இருந்த அன்றைக்கு அவனைக் காண்டம் வாங்கி வரச் சொன்னேன். "பாளையம்பட்டியில மாமா மருந்துக்கடை வச்சிருக்காக. வேற கடையில வாங்குனாலும் அவுக காதுக்குப் போயிரும். கடைசி நேரத்துல விலகிக்கிட்டா ஒண்ணும் ஆகாதுடி" என்றான். எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிறவன் சொன்னது இது. அதே வகுப்பில் படிக்கிற நானும் நம்பினேன். நாள் தள்ளிப்போனதும், நேற்று அக்காவின் மெட்டியை மாட்டிக்கொண்டு காரியாபட்டி வரை பஸ்ஸில் போய், கர்ப்பம் பார்க்கும் கிட் வாங்கியது நான்தான். கூட வரக்கூட அவனுக்குப் பயம்.

மத்தியானம் வகுப்பில் மேடம் ஒரு விஷயம் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை பாலியல் நலம் பற்றிப் பேச டாக்டர் வருகிறாராம். மரத்தில் செய்த மாதிரி உறுப்பில் மாட்டிக் காட்டக் காண்டம் வேண்டுமாம். "யாரு வாங்கிட்டு வாரது?" என்றதும் எல்லோரும் குனிந்துகொண்டார்கள். நான் எழுந்தேன்.

"செந்தில் வாங்கிட்டு வருவாரு மேடம். அவுக மாமாவே மருந்துக்கடை வச்சிருக்காக. மேடையில மாட்டிக் காட்டவும் அவரே வரட்டும்."

மேடத்துக்கு ஒரே சந்தோஷம்.

வராந்தாவில் பின்னாலேயே ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. "காலேஜுக்குன்னு சொன்னா மாமா நம்புவாகளாடி? எங்கப்பாகிட்டச் சொல்லிருவாக."

"ஒண்ணும் ஆகாதுப்பா" என்றேன்.

இந்நேரம் அவன் விழித்துக்கொண்டு கிடப்பான். கிடக்கட்டும். எனக்குத் தூக்கம் வருகிறது.