கூடவே வந்த வீடியோக்கள்

மார்ச் 4

என் வாயாடி மகளுக்கு,

அம்மா ஆசியுடன் எழுதுவது. நான் நலம். போனைக் கடையில் கொடுத்திருப்பதால் கடிதம்.

கோபித்துக்கொள்ளாதே, ஒரு காரியம் செய்துவிட்டேன். இடம் போதவில்லை என்று போன் நச்சரித்தது. தேவையில்லாத வீடியோக்களை மொத்தமாக அழித்தேன். அப்பா மின்விசிறி துடைத்துக்கொண்டே உன்னைக் கேலி செய்தாரே, அதுவும் சேர்ந்து போய்விட்டது. அவர் குரல் மிஞ்சியிருந்தது அது ஒன்றில்தான். உனக்கு எழுதவே வெட்கமாக இருக்கிறது.

தெருமுனைக் கடைக்காரர், "அழிச்சப்புறம் புதுசா எதுவும் எடுக்கலையே? அப்ப கிடைக்கும்மா" என்றார். கிடைத்தால் உனக்கே அனுப்பச் சொல்லி உன் மின்னஞ்சலைக் கொடுத்திருக்கிறேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அம்மா

மார்ச் 11

அன்புள்ள அம்மா,

கொஞ்சம் பார்த்து அழித்திருக்கக் கூடாதா? உன்னிடம் அப்படி என்ன தேவையில்லாத வீடியோ, அதுவும் போன் நிறைகிற அளவுக்கு? சரி, விடு. கிடைக்கும் என்கிறாரே.

போன மாதம் நீ ஒரு வீடியோ அனுப்பினாயே, "நான் ராணி மாதிரி இருக்கேன், கவலைப்படாதே" என்று, அதை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். அம்மாவுக்குத் தனியாக இருப்பதுதான் பிடிக்கும் என்று இவரிடமும் சொன்னேன்.

உன் வாயாடி

மார்ச் 15

அம்மா,

அப்பா கிடைத்துவிட்டார். கூடவே நீ அழித்த எல்லாமும் வந்துவிட்டது. கடைக்காரர் எது எது என்று பிரிக்காமல் அப்படியே அனுப்பிவிட்டார்.

எல்லாவற்றிலும் தலை வாரி அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். முதலில், "உன்கூட வந்து இருக்கட்டுமா? இங்க பேச ஆளில்ல" என்கிறாய். அடுத்ததில் ஒரு மாதம் போதும் என்கிறாய். அப்புறம், "ஒரு வாரம் மட்டும், தொந்தரவு இல்லன்னா." ஒன்றில் நீ எதுவும் கேட்பதே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாய், அவ்வளவுதான். அதற்கும் பிறகுதான் அந்த ராணி. அதைத்தானே ஊருக்கெல்லாம் காட்டினேன்.

குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு பார்த்தேன். இடமில்லை என்று போன வருடம் நீ கேட்பதற்கு முன்பே சொல்லி வைத்தேனே, எங்கள் வீட்டு இரண்டாவது அறையில் இவருடைய பழைய சைக்கிளும் துணி காயப்போடும் கம்பியும்தான் இருக்கின்றன. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இவரிடம் சொன்னேன். உடனே போய் சைக்கிளை வெளியே எடுத்து வைத்தார். வா அம்மா.

உன் மகள்

மார்ச் 22

கண்ணே,

போன் வந்துவிட்டது. ஆனாலும் கூப்பிடக் கூச்சமாக இருக்கிறது. பெற்ற மகளிடம் கேட்க ஒத்திகை பார்த்ததை நீ பார்த்துவிட்டாய். அந்தக் கடைக்காரரும் பார்த்திருப்பார். இப்போது தெருவின் எதிர்ப்பக்கமாகத்தான் நடக்கிறேன்.

அப்பாவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடு. அந்தக் கடை மாதிரி ஒன்று உங்கள் தெருவிலும் இருக்கும், அந்தப் பக்கம் போய்விடாதே.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வாசலில் நின்று நானே ஒரு தடவை கேட்கிறேன். நீயும் இப்போதுதான் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொள்.

அம்மா