இடப்பக்கமே திரும்பிய விமானம்

என் வீட்டு அதிகாரிக்கு, உன் வீட்டுக்காரன் எழுதுவது. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உன் கண்ணும் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன?

என் கைவேலையின் புகழ் எட்டுத் திக்கும் பரவிவிட்டது. எங்கள் கிடங்கு மேனேஜருக்கு மாடல் விமானம் என்றால் உயிர். பஞ்சைவிட லேசான பால்சா மரத்தை நறுக்கி ஒட்டி, இறக்கைக்கு மெல்லிய தாள் போர்த்த வேண்டும். "மாமா, போட்டிக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க. ஜெயிச்சா அன்னைக்கே உங்க லீவுல கையெழுத்துப் போடுறேன்" என்றார். உன் கண் ஆபரேஷனுக்கு வர நான் கேட்டிருந்த லீவுதான்.

ஒரு மாதம் கட்டிலில் உட்கார்ந்தே செய்தேன். நிஜ விமானம் செய்கிறவன் பார்த்திருந்தால் வேலையை விட்டு ஓடியிருப்பான். தாள் விறைக்கத் தண்ணீர் தெளித்து, இறக்கையைப் பலகையில் குத்தி வைத்துக் காயவிடச் சொன்னார் மேனேஜர். எனக்குத் தெரியாததா என்று ஹீட்டர் மேல் வைத்தேன். ஒரு பக்கம் நெல்லளவு முறுக்கிக்கொண்டது.

போட்டியில் அது கிளம்பிய வேகத்தில் ஊரே வாயைப் பிளந்தது. இடப்பக்கமே சுற்றிச் சுற்றி, நடுவர் மேஜையிலேயே இறங்கியது. வேறு எவனுக்கும் அந்தக் குறி வாய்க்கவில்லை. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. "அடுத்த வருஷம் பாக்கலாம் மாமா" என்றார். லீவுத் தாளோடு மூன்று தடவை போய் நின்றேன். அவர் நிமிரவே இல்லை.

பத்தாம் தேதி உன் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. டாக்டர் கேட்டால், வீட்டுக்காரர் பெரிய பொறுப்பில் இருக்கிறார் என்று சொல். கட்டுப் பிரித்ததும் உன் கையாலேயே இரண்டு வரி எழுது. தம்பி எழுத்து எனக்குப் புரியாது. ஷிப்ட் மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்