ஒரே குற்றத்தை ஒப்புக்கொண்ட இரண்டு பேர்

என் செல்ல மகனுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அங்கே நீயும் மருமகளும் குட்டிப்பயலும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் சுகமாக இருக்கவேண்டும். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய், எனக்குத் தெரியாதா. ஃபோனில் அப்பா பேச்சை எடுத்தால் போதும், "ம்ம், சரிம்மா, வேற?" என்பாய், அதோடு உனக்கு சிக்னல் போய்விடும். காகிதத்துக்கு சிக்னல் எல்லாம் கிடையாது, அதனால் உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி.

உன் தங்கச்சிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஊரில் ஓடுகிற பஸ்ஸையெல்லாம் ரிப்பேர் பார்க்கிற உன் அப்பா வீட்டுக் குழாயை மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார், நான் சத்தம் போட்டேன், உடனே கோபம் வந்துவிட்டது. வழக்கம்போல என்னோடு பேச்சை நிறுத்திவிட்டு மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்து, "ஏம்ப்பா, இந்த வீட்ல ஒரு டீ கிடைக்குமான்னு கேட்டுச் சொல்லு" என்று ஆரம்பித்துவிட்டார். பணிமனையிலும் இதே கதைதானாம். கோபம் வந்தால் வேலையாட்களிடம் பேசமாட்டார், பள்ளத்தில் இறங்கி பஸ்ஸின் அடிவயிற்றைப் பார்த்து "உனக்கு இப்படி மாட்டிவிட்டது யாரு" என்று விசாரிப்பார், "ஃபோர்மேன் இன்னைக்கு வண்டியோட பேசுறாரு, பக்கத்துல போகாதீங்க" என்று டீக்கடை வரைக்கும் தகவல் போய்விடுமாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மருமகள் கூப்பிட்டாள், எடுத்தவுடனே ஒரே சிரிப்பு. "அத்தை, உங்க பிள்ளைக்கு என் மேல கோபம் வந்தா ஃபிரிட்ஜைத் திறந்து வச்சுக்கிட்டு அதுகிட்ட பேசுறாரு, 'எனக்குச் சாப்பாடு வேணாம்னு சொல்லிடு'ங்கிறாரு" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா மாதிரி மட்டும் ஆகவே மாட்டேன் என்று என்னிடம் எத்தனை தடவை சபதம் போட்டாய்! அப்புறம் அவள் குரல் இறங்கிவிட்டது. குட்டிப்பயல் உன் மூக்குக் கண்ணாடியை உடைத்தானாம், நீ அவனைத் திட்டவில்லை, அவனோடு பேசாமல் ஃபிரிட்ஜிடம் போய்ச் சொன்னாயாம். கொஞ்ச நேரம் கழித்து அவன் போய் அந்தக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லு, நானும் இனிமே பேசமாட்டேன்" என்றானாம். அத்தனூண்டு பிள்ளை. எனக்கு அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோதுதான், சாயங்காலம் நாங்கள் பார்க்கிற போலீஸ் தொடரில் அந்தக் கதை வந்தது. ஒரு கிடங்கு முதலாளி மண்டையில் அடிபட்டுச் செத்துக் கிடக்கிறான். அங்கே வேலை பார்க்கிற ஒருவன் வந்து நான்தான் செய்தேன் என்கிறான். பக்கத்து அறையில் அவன் அப்பா, அடிதடிக்காக முன்பே ஜெயிலுக்குப் போனவர், அவரும் நான்தான் செய்தேன் என்கிறார். விசாரிக்கிற இன்ஸ்பெக்டரம்மாவோடு இருக்கிற ஏட்டு, "அப்பன் ரத்தம்தானே மகனுக்கும், ரெண்டு பேரும் சேர்ந்தே செஞ்சிருப்பாங்க மேடம்" என்கிறான். அந்த இன்ஸ்பெக்டரம்மா கெட்டிக்காரி. இரண்டு பேருமே ஒப்புக்கொள்ளும்போது கட்டைவிரலால் இடது புருவத்தைத் தேய்க்கிறார்கள் என்று பார்த்துவிட்டாள். பொய் சொல்லும்போது அப்பனுக்கும் மகனுக்கும் வருகிற பழக்கம் அது, இரண்டு பேரும் சொல்வது பொய். அப்பாவின் துண்டு அங்கே கிடந்ததைப் பார்த்து மகன் பயந்திருக்கிறான், மகனின் சைக்கிள் அங்கே நின்றதைப் பார்த்து அப்பா பயந்திருக்கிறார், ஒருவரை ஒருவர் காப்பாற்ற இரண்டு பேரும் தூக்குக்குத் தயார், ஆனால் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாததால் நீ செய்தாயா என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை. கடைசியில் உண்மையாகவே கொலை செய்த கிடங்குக் கணக்குப்பிள்ளை மாட்டிக்கொண்டான். அப்பாவும் மகனும் ஸ்டேஷன் வாசலில் இறங்கி ஆளுக்கொரு பக்கமாக நடந்து போனார்கள், அதோடு முடித்துவிட்டார்கள்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "இதென்ன கதை, ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் பேசவே இல்லையே" என்று ஃபேனைப் பார்த்துக் கேட்டார். நான் எழுந்து டிவியை அணைத்தேன், ஃபேனையும் அணைத்தேன், என்னைப் பார்த்துக் கேளுங்க என்று சொல்லி மருமகள் சொன்னது அத்தனையும் கொட்டிவிட்டேன். நீ ஃபிரிட்ஜோடு பேசுவதைக் கேட்டதும், "என் பிள்ளைதான்" என்று மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். பேரன் பேசியதைச் சொன்னதும் கை அப்படியே நின்றுவிட்டது. "எங்கிட்டேருந்து எடுத்துக்க வேற ஒண்ணுமே கிடைக்கலையா அவனுக்கு" என்றார். கண் கலங்கிவிட்டதடா, நான் பார்த்தேன்.

மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அவன் ஊருக்குக் கிளம்பின அன்னைக்கு நான் சொல்லத்தான் சொன்னேன், அவன்தான் பதில் சொல்லல" என்றார். நன்றாகச் சொன்னார் போ. பணிமனையில் அவர் வாங்கிக்கொடுத்த வேலையை நீ உதறிவிட்டுப் போகிறாய் என்று அவருக்கு வருத்தம், அதனால் "போறவங்க பத்திரமாப் போகட்டும்" என்று ஃபேனிடம் சொன்னார். நீ குனிந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, "போய்ட்டு வர்றேன்னு சொல்லிடு" என்று ஷூவிடம் சொன்னாய். இரண்டும் என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து ஃபோனில் அவர் முகம் தெரிந்தால் நீ குழந்தை கையில் கொடுத்துவிடுகிறாய், உன் குரல் கேட்டால் அவர் ஃபோனை என் கையில் திணிக்கிறார். தொடர் பார்த்த அன்றைக்கும் "அவன்கிட்ட சொல்லு" என்று ஆரம்பித்தார். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவே தபால்காரி வேலை பார்த்தது போதும், ராஜினாமா செய்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். மறுநாளே குழாயைச் சரி செய்துவிட்டார்.

நீ அவரை மாதிரி இருப்பதில் எனக்கு வருத்தமே இல்லை, ராஜா. எல்லார் தட்டிலும் சாப்பாடு விழுந்த பிறகு நீ சாப்பிட உட்காருவதும் அவரிடமிருந்து வந்ததுதான். அதை வைத்துக்கொள், இதை மட்டும் குழந்தைக்குக் கொடுத்துவிடாதே. கண்ணாடி போனால் போகட்டும். கோபம் வந்தால் அவனைத் தூக்கி மடியில் வைத்து, முகத்தைப் பார்த்து அவனிடமே கோபித்துக்கொள், அவனும் உன்னிடமே அழுதுவிட்டுப் போகட்டும். என்னிடம் சொன்னதற்காக மருமகளிடம் முறைக்காதே, அவள் தங்கமான பெண். புதுக் கண்ணாடி போட்டாயா? குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போட்டு வெளியே கூட்டிக்கொண்டு போ. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். காகிதத்தையும் பேனாவையும் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறேன், எழுதினால் எழுதட்டும், எழுதாவிட்டால் காலையில் அப்படியே தபாலில் போட்டுவிடுவேன்.

எப்போதும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா

தம்பி, ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடுகிறேன். குழந்தையிடம் கொடுத்துவிடாதே. நீயே பேசு.
அப்பா